லுட்விக் குட்மன்

மருத்துவர்களுள் நோயைத் தீர்த்துப் புகழ் பெற்றோர் பலர். நோய் வாராமல் காக்கும் வழியைக் கண்டறிந்து புகழ் பெற்றோரும் உளர். ஆனால், இனித் தீராது என்று எல்லோராலும் கைவிடப்பட்ட நிலையிலும் மனிதன் மனிதனாக வாழ இயலும் என்று செய்து காட்டியோர் மிகச் சிலரே ஆவர். அச்சிலருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் லுட்விக் குட்மன். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் ஒன்றுகூடி நடத்தும் பாராலிம்பிக் விளையாட்டு விழாவுக்கு வித்திட்டவர் அவரே. அவருடைய வாழ்க்கை வரலாறு, இரக்கம் எது, நீதி எது என்று நம்மை எண்ணிப் பார்க்கச் செய்யும் இயல்புடையது.

இளமையில் கண்ட காட்சி

குட்மன் 1899ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள், அக்காலத்தில் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்திருந்த மேல் சைலீசியாவில், டோஸ்ட் என்னும் சிற்றூரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அவர் சிறு குழந்தையாக இருந்தபொழுதே குடும்பத்தினர் கோனிக்ஷூட்டே என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அது நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலைகளும் மிகுந்த தொழில் நகரம். சுரங்கங்களில் நேரும் விபத்துகளில் அடிபட்டோர்க்கு மருத்துவம் செய்வதற்காக அந்நகரில் ஒரு மருத்துவமனை இருந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டில், பள்ளிப் படிப்பை முடிக்கும் பருவத்தினராய் இருந்த குட்மன் அம்மருத்துவமனையில் தொண்டராகச் சேர்ந்தார்.

அங்கு அவர் கண்ட காட்சி ஒன்று அவர் உள்ளத்தைவிட்டு இறுதிவரை அகலவில்லை. கட்டுடல் வாய்ந்த இளைஞரான சுரங்கத் தொழிலாளி ஒருவர், முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றவராய் அங்குக் கொண்டுவரப்பட்டார். மருத்துவர்கள் அவரை மற்ற நோயாளிகளின் பார்வையினின்றும் மறைத்துத் திரையிட்டு வைத்தனர். அவரைப் பற்றிய குறிப்புகளை எழுத முற்பட்ட குட்மனிடம், அம்முயற்சி வீண் என்றும், சில வாரங்களில் அத்தொழிலாளி இறந்துவிடுவார் என்றும் கூறினர். அவ்வாறே ஐந்து வாரங்களில் அவர் இறந்தார். முதுகு முறிந்ததனால் அவர் இறக்கவில்லை. படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்ப்பையில் தோன்றிய நஞ்சாலும் இறந்தார். எவரும் அவரைக் கொல்லவில்லை. ஆயினும் எவரும் அவரைக் காக்க முயலவும் இல்லை. இவ்வுண்மை அவ்விளைஞரின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

கல்வியும் தொழிலும்

1918ஆம் ஆண்டு குட்மன் பிரெஸ்லௌ பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். மறு ஆண்டு பிரைபர்க் நகருக்குச் சென்று அங்குக் கல்வியைத் தொடர்ந்து, 1924ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பிரெஸ்லௌ நகருக்கு மீண்டு, நரம்பு மருத்துவத்தில் உலகப் புகழ் பெற்றிருந்த ஆட்ஃபிரிட் பெர்ஸ்டர் என்பவரிடம் பணியாற்றினார். ஆசிரியர் கண்டிப்பு மிக்கவர், ஓய்வறியாது உழைப்பவர். மாணவரும் அவ்வாறே ஆயினார். சில ஆண்டுகளில் பெர்ஸ்டரின் முதல் உதவியாளர் என்னும் நிலையை எய்திய குட்மன், ஜெர்மனியின் சிறந்த நரம்பு மருத்துவர்களுள் ஒருவராக மதிக்கப்பெற்றார்.

இருள் சூழ்ந்த காலம்

1933ஆம் ஆண்டு இட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். யூதர்கள் அரசுப் பணிகளினின்றும் பொது மருத்துவமனைகளினின்றும் நீக்கப்பட்டனர். குட்மனும் பணியிழந்தார். பிரெஸ்லௌ நகரில் இருந்த யூத மருத்துவமனையில் சேர்ந்து நரம்பு மருத்துவப் பிரிவைக் கவனித்து வந்த அவர், 1937ஆம் ஆண்டு அம்மருத்துவமனையின் தலைவர் ஆனார்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு, ஜெர்மனி முழுவதும் யூதர்களின் வழிபாட்டு இல்லங்கள் கொளுத்தப்பட்டன. கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. தெருக்களெங்கும் கண்ணாடிச் சில்லுகள் சிதறிக் கிடந்தமையால் அவ்விரவு உடைந்த கண்ணாடியின் இரவு என்று வரலாற்றில் குறிக்கப்பெறுகின்றது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தோர் பலர் மருத்துவமனையின் வாயிலில் நின்றனர். எவர் வந்தாலும் வினா ஏதும் எழுப்பாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளுமாறு குட்மன் ஆணையிட்டார். அவ்வாறு சேர்க்கப்பட்டோர் 64 பேர். மறுநாட் காலை காவற்படையினர் வந்து, ஒரே இரவில் இத்தனை பேர் எவ்வாறு நோயுற்றனர் என்று கேட்டனர். குட்மன் அவர்களை ஒவ்வொரு படுக்கைக்கும் அழைத்துச் சென்றார். படுத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைப் பெயரிட்டு விளக்கினார். அவருடைய மருத்துவப் புலமையும் அஞ்சாமையும் அன்று ஒருங்கே உயிர் காக்கும் கருவிகளாயின. 64 பேருள் 60 பேர் சிறைமுகாமுக்குச் செல்லாமல் தப்பினர்.

அந்நாளைய ஜெர்மானிய அரசு யூதர்களை மட்டுமன்றி உடற்குறையுற்றோரையும் பகைத்தது. உழைக்க இயலாதவர்கள் நாட்டுக்குச் சுமை என்று கணக்கிட்டுப் பேசியது. 1939ஆம் ஆண்டுக்கும் 1941ஆம் ஆண்டுக்கும் இடையில் மட்டும், மனநோயாளிகளும் உடற்குறையுற்றோருமாக 70,000 பேருக்கு மேற்பட்டோர் அவ்வரசின் கொலைநிலையங்களில் மடிந்தனர். மனிதனின் மதிப்பை அவனுடைய உடல் வலிமையைக் கொண்டு அளக்கும் கொள்கை எங்குக் கொண்டுபோய்விடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. அந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒருவரே பிற்காலத்தில் உடற்குறையுற்றோரின் உரிமைக்குக் குரல் கொடுத்தார் என்பது எண்ணத்தக்கது.

அடைக்கலம்

யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறுதல் அக்காலத்தில் எளிதன்று. குட்மனின் கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டிருந்தது. ஆயினும் போர்ச்சுகல் நாட்டின் ஆட்சித் தலைவராகிய சலாசாரின் நண்பர் ஒருவர்க்கு மருத்துவம் செய்ய அவரை அனுப்புதல் தமக்கு நலம் தரும் என்று ஜெர்மானிய அரசு கருதியது. அதனால் அவர்க்குக் கடவுச்சீட்டு மீண்டும் கிடைத்தது. திரும்பும் வழியில் அவர் இலண்டனில் தங்கினார். நாடிழந்த அறிஞர்களுக்கு உதவும் பொருட்டு அங்கு நிறுவப்பட்டிருந்த கழகம் ஒன்று, அவரும் அவருடைய குடும்பத்தினரும் இங்கிலாந்தில் குடியேறுவதற்கு வழிசெய்தது.

1939ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள், குட்மன் தம் மனைவி எல்சே, மகன், மகள் ஆகியோருடன் இங்கிலாந்தை அடைந்தார். பழகிய மொழி இல்லை, பொருளும் இல்லை. ஆக்ஸ்போர்டு நகரில் அவர்க்கு ஆராய்ச்சிப் பணி கிடைத்தது. நோயாளிகளை நேரிற் காணும் பொறுப்பு அவர்க்கு அங்கு மிகுதியாக இல்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று பழகிய மருத்துவர்க்கு அது பெருங்குறையாக இருந்தது. ஆயினும் நரம்புகளைப் பற்றிய ஆராய்ச்சியில் அவர் ஊக்கம் தளரவில்லை.

ஸ்டோக் மாண்டவில்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பியக் கரையில் பெரும்படையை இறக்கத் திட்டமிட்ட பிரிட்டிஷ் அரசு, முதுகுத்தண்டில் காயமுற்று வரும் வீரர்களுக்கெனத் தனி மருத்துவப் பிரிவு ஒன்று வேண்டும் என்று கருதியது. அதனை அமைக்கும் பொறுப்பை 1943ஆம் ஆண்டு குட்மனிடம் ஒப்புவித்தது. தம் விருப்பப்படி மருத்துவம் செய்ய முழு உரிமை வேண்டும் என்னும் வேண்டுகோளுடன் அவர் அதனை ஏற்றார். பக்கிங்காம்ஷயரில் ஐல்ஸ்பரி என்னும் ஊரையடுத்த ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அப்பிரிவு தொடங்கப்பெற்றது. அப்பணியைப் பலர் விரும்பத்தக்கதாகக் கருதவில்லை. இறக்கப் போகின்றவர்களுக்காக ஒருவர் தம் திறமையை வீணாக்க வேண்டுமா என்று உடன்பணியாற்றும் மருத்துவர்களே வியந்தனர்.

அவர்கள் அவ்வாறு எண்ணியதற்குக் காரணம் உண்டு. மூளையிலிருந்து உடலுறுப்புகளுக்குச் செல்லும் ஏவல்களும், உறுப்புகளிலிருந்து மூளைக்கு வரும் உணர்ச்சிகளும் முதுகெலும்பினுள் அமைந்த தண்டுவடத்தின் வழியே செல்கின்றன. தண்டுவடம் அறுபட்டால், அறுபட்ட இடத்திற்குக் கீழுள்ள பகுதி அசைவையும் உணர்வையும் இழக்கின்றது. நலமுடன் இருப்பவர் உறக்கத்திலும் தம்மை அறியாமலே புரண்டு படுப்பர். உணர்விழந்தவரோ ஒரே நிலையில் கிடப்பர். உடலின் எடை அழுத்துமிடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகிப் புண்ணாகும். வலி தோன்றாமையால் புண் ஆழமாகும் வரை தெரியாது. சிறுநீர்ப்பையும் செயலற்றுப் போவதால் அங்குக் கிருமிகள் பெருகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரர்களுள் நூற்றுக்கு எண்பதின்மர் மாண்டனர்.

இச்சாவு தவிர்க்க முடியாதது அன்று என்பதே குட்மனின் துணிபு. அவர் முதலில் செய்த மாறுதல் மிக எளியது. ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, பகலிலும் இரவிலும், தவறாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆணையிட்டதோடு அமையவில்லை, நள்ளிரவிலும் தாமே எழுந்து வந்து அது நடைபெறுகின்றதா என்று பார்த்தார். நோயாளிகளின் உடலைச் சூழ்ந்து இறுக்கியிருந்த சாந்துக் கட்டுகளை அகற்றினார். சிறுநீரை வெளியேற்றும் முறையில் தூய்மையைக் கண்டிப்பாகப் புகுத்தினார். செவிலியர் சிலர் முணுமுணுத்தனர். நோயாளிகளும் சிலர் சினந்தனர். அவர் எதற்கும் இசையவில்லை. விரைவில் புண்கள் ஆறின, காய்ச்சல் தணிந்தது. இறப்பை எதிர்நோக்கிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தனர்.

இவ்வெற்றியில் புதிய மருந்துகளுக்கும் பங்கு உண்டு. ஆனால், மருந்தினும் மேலாக நின்றது ஒரு மனநிலை. இவர் வாழப் போகின்றவர் என்று எண்ணி மருத்துவம் செய்வதற்கும், இவர் சாகப் போகின்றவர் என்று எண்ணி மருத்துவம் செய்வதற்கும் உள்ள வேறுபாடே அது.

விளையாட்டு என்னும் மருந்து

உயிர் பிழைத்தோர் எவ்வாறு வாழ்வது என்னும் வினா அடுத்து எழுந்தது. உயிரைக் காத்து, பின்னர் அவரை ஒரு மூலையில் படுக்கவைத்துவிடுதல் பாதிப் பணியே ஆகும் என்று குட்மன் கருதினார். ஆதலால், மருத்துவமனையினுள்ளேயே தச்சு வேலை, கடிகாரம் பழுதுபார்த்தல் போன்ற தொழில்களைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். உதவித்தொகையை எதிர்நோக்குவோராக அன்றி, தம் உழைப்பால் ஈட்டி அரசுக்கு வரி செலுத்தும் குடிமக்களாக அவர்களை வெளியே அனுப்புதலே தம் நோக்கம் என்று அவர் கூறிவந்தார்.

தொழிலுடன் விளையாட்டும் சேர்ந்தது. ஒருநாள், நோயாளிகள் சிலர் சக்கர நாற்காலிகளில் அமர்ந்தவாறு, தலைகீழாகப் பிடித்த கைத்தடிகளால் ஒரு வட்டை அடித்து விளையாடுவதை அவர் கண்டார். அவர்கள் முகத்தில் அதற்குமுன் காணாத மலர்ச்சி தோன்றியது. அவ்விளையாட்டு, சக்கர நாற்காலிப் போலோ என வளர்ந்தது. அதில் அடிபடும் இடர் மிகுதியாக இருந்தமையால், கூடைப்பந்தாட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மேசைப்பந்தாட்டமும் வில்வித்தையும் தொடர்ந்தன.

இவற்றுள் வில்வித்தையை அவர் சிறப்பாகப் போற்றினார். கால் செயலற்றவர்க்குத் தோளும் கையும் முதுகின் மேற்பகுதியுமே முழு ஆதாரம். வில்லை இழுத்து நாணேற்றும் பயிற்சி அவ்வுறுப்புகளை வலுப்படுத்துகின்றது. சாயாமல் நிமிர்ந்து உட்காரும் நிலையைக் கற்பிக்கின்றது. மற்றொரு நன்மையும் உண்டு. இலக்கை நோக்கிச் செல்லும் அம்பு, தன்னை எய்தவர் நின்று எய்தாரா, அமர்ந்து எய்தாரா என்று பார்ப்பதில்லை. கால் உடையவரும் கால் செயலற்றவரும் நிகராக நின்று போட்டியிடக் கூடிய விளையாட்டு அது. அவருடைய இக்கருத்து வீண்போகவில்லை. நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த நெரோலி பேர்ஹால் என்னும் பெண்மணி, 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவில், சக்கர நாற்காலியில் அமர்ந்து ஏனைய வில்லாளிகளுடன் போட்டியிட்டார்.

விளையாட்டு உடலுக்கு மட்டும் மருந்தன்று என்பது குட்மனின் முடிபு. நெடுநாள் படுக்கையில் கிடப்பவரை இரண்டு பகைகள் சூழ்கின்றன. ஒன்று சலிப்பு, மற்றொன்று தன்னிரக்கம். விளையாட்டில் இறங்கியவர்க்கு இவ்விரண்டிற்கும் இடமில்லை. ஆட்டத்தில் தோற்றவர் மீண்டும் முயல்வர். வென்றவர் மேலும் முயல்வர். தோழமையும் ஒழுங்கும் போட்டியுணர்ச்சியும் அவர்களை மீண்டும் சமுதாயத்தோடு பிணைக்கின்றன.

புல்வெளியில் தொடங்கிய விழா

1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒலிம்பிக் விழா தொடங்கிற்று. போரினால் பன்னிரண்டு ஆண்டுகள் நடைபெறாதிருந்த விழா அது. அதே நாளில், ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முன்னிருந்த புல்வெளியில், மற்றொரு சிறு போட்டியைக் குட்மன் நடத்தினார். போரில் காயமுற்ற ஆடவர் 14 பேரும் மகளிர் இருவரும் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து வில்லேந்தினர். ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையும் ரிச்மண்டில் இருந்த வீரர் இல்லமும் எதிரெதிர் அணிகளாக மோதின. ரிச்மண்டு அணியே வென்றது. பார்வையாளர் திரள் இல்லை. பேரிசை முழக்கமும் இல்லை. ஆயினும் அந்நாளை அவர் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கவில்லை. உடற்குறையுற்றோரின் விளையாட்டும் உலக விழாவாகும் காலம் வரும் என்று அவர் உறுதியாக நம்பினார். மறு ஆண்டு அந்நம்பிக்கையை அவர் வெளிப்படையாகக் கூறியபொழுது, அதனைக் கனவு என்று கருதியோரே மிகுதி.

ஆண்டுதோறும் போட்டிகள் நடைபெற்றன. 1952ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டினர் கலந்துகொள்ள, அது பன்னாட்டு விழாவாயிற்று. நட்பு, ஒற்றுமை, விளையாட்டுப் பண்பு என்னும் மூன்றும் அதன் குறிக்கோள்களாக அமைந்தன. 1960ஆம் ஆண்டு, ஒலிம்பிக் விழா முடிவுற்ற சில நாட்களில், அதே ரோம் நகரில் 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் கூடினர். இதுவே முதல் பாராலிம்பிக் விழா என்று இன்று போற்றப்படுகின்றது. அங்கு வீரர்கள் தங்கிய கட்டடங்கள் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டப்பட்டிருந்தன. சக்கர நாற்காலிகள் அவற்றில் ஏற வழியில்லை. இத்தாலியப் போர்வீரர்கள் நாற்காலிகளோடு அவர்களைத் தூக்கிப் படியேற்றினர். ஆடுகளத்தில் தம் தோள்வலியால் பதக்கம் வென்றவர், உறங்கச் செல்வதற்குப் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. அக்குறை அவருடைய காலில் இல்லை. படியை மட்டும் கட்டிச் சாய்தளத்தை மறந்த கட்டடத்திலேயே இருந்தது.

இரக்கமும் வாய்ப்பும்

குட்மனின் கருத்துகளுள் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது ஈகையைப் பற்றியது. உடற்குறையுற்றோரைக் கண்டால் ஒரு காசு ஈந்து, கண்ணீர் சிந்தி, அப்பாற் செல்வதை அறமாகக் கருதும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு. அவ்வாறு ஈவோர் நல்லெண்ணம் உடையவரே. ஆயினும், ஈகை பெறுபவரை அது கீழே நிறுத்துகின்றது. கொடுப்பவரை மேலே நிறுத்துகின்றது. இருவரும் ஒரே தளத்தில் நின்று கைகுலுக்க இடமளிப்பதில்லை. ஆதலால் இரக்கத்தைக் குட்மன் விரும்பவில்லை.

எனினும் அவர் நன்கொடையை வெறுத்தவரல்லர். ஸ்டோக் மாண்டவிலில் உடற்குறையுற்றோர்க்கெனத் தனி விளையாட்டரங்கம் அமைப்பதற்காகப் பலரையும் அணுகிப் பொருள் திரட்டினார். 1969ஆம் ஆண்டு எலிசபெத் அரசியார் அவ்வரங்கத்தைத் திறந்து வைத்தார். ஒருவர்க்கு ஒருவேளை உணவு தந்து அனுப்பும் ஈகை வேறு. அவர் தம் ஆற்றலைக் காட்டுவதற்கு ஒரு களத்தை அமைத்துத் தரும் ஈகை வேறு. முன்னது நாளையும் அவரைக் கையேந்தச் செய்யும்; பின்னது கையேந்தாமல் இருக்கச் செய்யும். குட்மன் நாடியது பின்னதையே ஆகும்.

இக்கருத்து கடல் கடந்தும் பரவியது. ஜப்பான் நாட்டு மருத்துவரான யுடகா நகமுரா 1960ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவிலுக்கு வந்து குட்மனின் முறைகளைக் கற்றார். 1964ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் பாராலிம்பிக் விழா நடைபெறுவதற்கு முன்னின்று உழைத்தார். அவ்விழாவுக்கு வந்த அயல்நாட்டு வீரர்கள் பலர் தொழில் செய்து பொருளீட்டுவோராய் இருந்தனர். ஜப்பானிய வீரர்களோ பெரும்பாலும் மருத்துவமனையிலும் இல்லங்களிலும் அடைந்து கிடந்தோராய் இருந்தனர். இவ்வேறுபாடு நகமுராவை வருத்தியது. மறு ஆண்டே அவர் பெப்பு நகரில் உடற்குறையுற்றோர் பணிபுரியும் தொழிற்கூடம் ஒன்றை நிறுவினார். ஈகை வேண்டா, வாய்ப்பு வேண்டும் என்பதையே அதன் கொள்கையாக வைத்தார்.

நிறைவு

குட்மன் கண்டிப்பு மிக்கவர், எளிதில் விட்டுக்கொடுக்காதவர். தம் முடிவை மறுத்தோரிடம் கடிந்து பேசவும் தயங்காதவர். ஆயினும் அவருடைய நோயாளிகள் அவரைத் தந்தை என்னும் பொருள்படப் பாப்பா என்று அன்புடன் அழைத்தனர். படுக்கையை விட்டு எழுமாறு அவர் அதட்டியது, எழ இயலும் என்று நம்பியமையாலேயே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

1966ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு அவர்க்குச் சர் பட்டம் அளித்தது. 1976ஆம் ஆண்டு அவர் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். உடற்குறையுற்றோரின் விளையாட்டைப் பற்றி அவர் எழுதிய பெருநூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. தொடக்கத்தில் முதுகுத்தண்டில் காயமுற்றோர் மட்டுமே கலந்துகொண்ட விழாவில், 1976ஆம் ஆண்டு கனடாவின் டொரொண்டோ நகரில், பார்வையற்றோரும் உறுப்பிழந்தோரும் முதன்முறையாகப் பங்கு பெற்றனர். 1980ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், தம் எண்பதாம் வயதில், குட்மன் மாரடைப்பால் காலமானார்.

அவர் நட்ட செடி மரமாகியது. 1988ஆம் ஆண்டு சியோல் நகரில் ஒலிம்பிக் நடைபெற்ற அதே அரங்குகளில் பாராலிம்பிக் விழாவும் நடைபெற்றது. 2012ஆம் ஆண்டு இலண்டன் பாராலிம்பிக் விழாவின்போது, வீரர்கள் தங்கிய சிற்றூருக்குக் குட்மனின் மகளே தலைவியாக விளங்கினார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் விழாவில் 4,400க்கு மேற்பட்டோர் போட்டியிட்டனர். அவ்விழாவின் சுடர் ஸ்டோக் மாண்டவிலிலேயே ஏற்றப்பெற்றது. பதினாறு பேர் வில்லேந்திய புல்வெளியை உலகம் மறக்கவில்லை.

நம் நாடும் இவ்வரலாற்றில் பங்குடையது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டு பாய்ந்து காயமுற்ற வீரரான முரளிகாந்த் பெட்கர், 1972ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற விழாவில் நீச்சற் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றார். முன்னர் இட்லர் ஆண்ட நாட்டில் இவ்விழா நடந்ததும் காலத்தின் மாற்றமே. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, 2016ஆம் ஆண்டு ரியோ நகரில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்தார். 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பெற்ற சட்டம், மாற்றுத்திறனாளிகளின் கல்வியையும் வேலைவாய்ப்பையும் உரிமை என்று வகுத்துள்ளது.

ஆனால், சட்டம் செய்யக் கூடியது ஓரளவே. எஞ்சியதைச் செய்ய வேண்டியவர் நாம். மாணவர்களே! நம் பள்ளியில் ஆடுகளத்தின் ஓரத்தில் அமர்ந்து, பிறர் ஆடுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் இருக்கலாம். அவரைக் கண்டு இரங்குதல் எளிது. அவரும் ஆடுதற்குரிய ஆட்டம் எது, அவர் களத்திற்குள் வருவதைத் தடுக்கும் படி எது என்று எண்ணிப் பார்த்து, அதனை மாற்ற முற்படுதல் அரிது. திரைக்குப் பின்னால் ஐந்து வாரம் கிடந்து மடிந்த சுரங்கத் தொழிலாளியைக் கண்ட இளைஞர் ஒருவர், அந்தத் திரையை விலக்குவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். அப்பணியில் நம்மால் இயன்ற பங்கை நாமும் ஏற்போமாக.